கால் கிரவுண்டு மனையும் வளரும் வீடும் மீண்டும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையைச் சுற்றி முதன்முறையாக வீடு வாங்க முயலும் இளம் குடும்பங்களின் திண்டாட்டம் குறித்துத் தங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்திகள் வெளியாகின்றன. அவற்றைப் படிக்கும்போதெல்லாம், இந்த நகரம் ஒரு காலத்தில் நன்றாகத் தெரிந்து வைத்திருந்து பிறகு கைவிட்டுவிட்ட ஒரு வழியைப் பற்றி, அதாவது சிறிய மனையைக் கொடுத்து அதில் வீட்டைக் குடும்பமே சிறிது சிறிதாகக் கட்டிக்கொள்ள விடுவதைப் பற்றி, யாரேனும் எழுதுவார்களா என்று எதிர்பார்த்திருக்கிறேன். அந்த வழியில் வீடு பெற்றவர்களுள் ஒருவன் என்ற முறையிலும், முப்பத்திரண்டு ஆண்டுகள் கட்டுமானப் பணிகளை மேற்பார்வையிட்டு ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும் அதை நானே எழுத முற்படுகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1985ஆம் ஆண்டில் முகப்பேரில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மனை ஒதுக்கப்பட்டது. அதன் பரப்பு ஒரு சென்ட்டுக்குச் சற்றுக் கூடுதல். மனையின் பின்மூலையில் ஒரு கழிப்பறை, அதை ஒட்டிக் குளிப்பதற்கு ஒரு தடுப்பு, மேலே கட்டிக்கொள்வதற்கு வாகாகப் பேஸ்மட்டம் வரை எழுப்பப்பட்ட அடித்தளம், தெருவில் குடிநீர்க் குழாய், கழிவுநீர் இணைப்பு, மின்கம்பம் ஆகியவை இருந்தன. வீட்டை நாங்கள்தான் கட்டிக்கொள்ள வேண்டும். முதல் ஆண்டில் ஒரே ஓர் அறையை எழுப்பி, ஆஸ்பெஸ்டாஸ் தகடு வேய்ந்து, நானும் என் மனைவியும் என் தாயாரும் குடிபுகுந்தோம். நான்கு ஆண்டுகள் கழித்து, மனைவியின் வளையல்களை விற்ற பணத்தில் சமையலறை வந்தது. 1994இல் தகட்டை இறக்கிவிட்டுத் தளம் போட்டோம். பிள்ளைகள் வளர்ந்த பிறகு மாடியில் ஓர் அறை எழும்பியது. மாதத் தவணை எங்கள் வருமானத்துக்குள் அடங்கியதால் அதை ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. கையில் பணம் சேரச் சேர வீடு வளர்ந்தது. வட்டிக்கு அஞ்சி உறக்கம் கெட்ட இரவு ஒன்றுகூட எங்கள் நினைவில் இல்லை.

அன்று இதற்கு 'மனையும் வசதியும்' திட்டம் என்று பெயர். உலக வங்கியின் கடனுதவியுடன் 1977இலும் 1980இலும் அடுத்தடுத்து ஏற்கப்பட்ட சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டங்களின் கீழ் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர், முகப்பேர் ஆகிய இடங்களில் இத்தகைய மனைப்பிரிவுகள் உருவாயின. அவற்றின் அமைப்பில் ஒரு நுட்பம் இருந்தது. சிறிய மனைகள் ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் கொடுக்கப்பட்டன. அதே மனைப்பிரிவில் பெரிய மனைகளும் கடைகளுக்கான மனைகளும் சந்தை விலைக்கு விற்கப்பட்டன. அந்த வருவாய் சிறிய மனைகளின் சுமையைத் தாங்கியது. இதனால் ஒரே தெருமுனையில் தையற்காரரும் தபால்காரரும் கல்லூரி ஆசிரியரும் குடியிருக்க நேர்ந்தது. எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் முன்னறையில் தையல் இயந்திரம் போட்டு, அந்த வருமானத்திலேயே இரண்டு மகள்களைப் படிக்க வைத்தார். அடுக்ககத்தின் நான்காவது மாடியில் அவர் அப்படிக் கடை வைத்திருக்க முடியாது.

தொடக்க ஆண்டுகளில் இத்திட்டத்தைப் பலரும் தோல்வி என்றே சொன்னார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. பாதி மனைகள் காலியாகக் கிடந்தன, முள்செடி மண்டியிருந்தது, பேருந்து எப்போது வரும் என்று தெரியாது. ஆயினும் உலக வங்கியின் ஆய்வாளர்களே ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மும்பைக்கும் சென்னைக்கும் திரும்பி வந்து பார்த்து, தோல்வி என்று எண்ணப்பட்ட அந்த மனைப்பிரிவுகள் பல வருவாய்ப் பிரிவினரும் கலந்து வாழும் உயிர்ப்புள்ள குடியிருப்புகளாக மாறியிருப்பதைப் பதிவு செய்தார்கள். அவர்களுடைய அறிக்கை வெளிவருவதற்கு வெகு காலம் முன்பே எங்கள் தெருவில் இருந்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது. அரசுதான் அதற்குள் வேறு திசையில் திரும்பிவிட்டது.

அந்த வேறு திசை எது என்பதை, குடிசைப் பகுதி மக்களை அரசு இடம்பெயர்த்துக் குடியேற்றிய கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் பார்க்கிறோம். அங்கு வாழும் மக்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் தங்களுக்குக் கொடுக்கப்பட்டதை வைத்துக்கொண்டு கண்ணியமாக வாழ்கிறார்கள். ஆனால் பிழைப்பு நடந்த இடத்திலிருந்து வெகு தொலைவில், ஆயிரக்கணக்கான ஒரே அளவு வீடுகளை அடுக்கி, அவற்றில் ஒரு சுவரைக்கூட நகர்த்த முடியாதபடி செய்துவிட்டால், அந்த வீடு எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் பேருந்துக் கட்டணமும் இழந்த வேலையும் அந்த மலிவைத் தின்றுவிடும். இதைக் கண்டவர்கள் 'சிறிய வீடு கட்டினால் சேரிதான் உருவாகும்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நானும் ஒரு சென்ட்டில்தான் வாழ்ந்தேன். எங்கள் வீட்டுக்கும் அந்த அடுக்ககங்களுக்கும் பரப்பில் பெரிய வேறுபாடு கிடையாது. எங்களுக்குக் காலடியில் மண் இருந்தது, தலைக்கு மேல் வளர இடம் இருந்தது, நடந்து போகும் தூரத்தில் வேலை இருந்தது. வேறுபாடு இவ்வளவுதான்.

இப்போது என் மகனின் கதைக்கு வருகிறேன், ஏனெனில் இந்தக் கடிதத்துக்கு அதுதான் உடனடிக் காரணம். அவன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறான். மருமகள் தனியார் பள்ளியில் ஆசிரியை. இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் 52,000 ரூபாய். ஓராண்டாக ஞாயிறுதோறும் வீடு பார்த்து வருகிறார்கள். அவர்களுக்குக் காட்டப்படும் அடுக்கக வீடுகள் எவையும் நாற்பது லட்சத்துக்குக் குறையவில்லை. 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக்கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 விழுக்காடும், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 விழுக்காடும்தான் வங்கிகள் கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆக, 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு 8 லட்சத்தை முதலில் கையிலிருந்து வைக்க வேண்டும். அதற்கு மேல் பத்திரச் செலவாக இரண்டரை லட்சத்தை ஒட்டி ஆகும். மீதி 32 லட்சத்தை எட்டரை விழுக்காடு வட்டியில் இருபது ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை 27,700 ரூபாயைத் தாண்டும். அதாவது வருமானத்தில் பாதிக்கு மேல். ஒரு குழந்தை பிறந்து மருமகள் சில மாதங்கள் வேலையை விட நேர்ந்தால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்?

அதே குடும்பத்துக்கு வேறொரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். புறநகர் ரயில் நிலையம் ஒன்றிலிருந்து நடந்து போகும் தூரத்தில் 600 சதுர அடி மனை, அதாவது கால் கிரவுண்டு. சதுர அடி 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 12 லட்சம். அதில் இப்போதைக்கு ஓர் அறை, சமையலறை, கழிப்பறை என 300 சதுர அடி வீடு. சதுர அடிக்கு 2,300 ரூபாய் வீதம் 6 லட்சத்து 90 ஆயிரம். மொத்தம் 18 லட்சத்து 90 ஆயிரம். இதில் 90 விழுக்காடு கடனாகக் கிடைத்தால் மாதத் தவணை 15,000 ரூபாய்க்குள் அடங்கும். கையிலிருந்து போட வேண்டியது பத்திரச் செலவையும் சேர்த்து மூன்று லட்சம். 52,000 ரூபாய் வருமானத்தில் 15,000 போக மிச்சமிருப்பதில் குடும்பமும் நடத்தலாம், ஐந்தாறு ஆண்டுகளில் மாடியில் ஓர் அறையும் எழுப்பலாம். 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்கு உட்பட்ட, சொந்த வீடில்லாத குடும்பங்களுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் வரை வட்டி மானியம் உண்டு. ஆனால் வீட்டின் மதிப்பு 35 லட்சத்தைத் தாண்டக் கூடாது, கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாற்பது லட்ச ரூபாய் அடுக்கக வீட்டுக்கு இந்த மானியம் எட்டாது. நான் சொல்லும் சிறுவீட்டுக்கு எட்டும். மானியம் ஏற்கனவே இருக்கிறது. அதைப் பெறும் தகுதியுள்ள வீட்டைக் கட்டத்தான் யாருமில்லை.

ஏன் யாருமில்லை? கட்டிடத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தனியார் மனைப்பிரிவு போடுபவர்களுக்கு 600 சதுர அடி மனையை வெட்டுவதைவிட 1,200 சதுர அடி மனையை வெட்டுவது எளிது. வாங்க வருபவரில் பலர் குடியிருக்க வருவதில்லை, முதலீட்டுக்கு வருகிறார்கள். அந்த மனைகள் பத்து ஆண்டுகள் வேலிக்காத்தான் வளர்த்துக் கிடக்கும். மறுபுறம், சிறிய மனையைத் தேடி அலுத்துப்போனவர்கள் அங்கீகாரமில்லாத மனைகளில் போய் விழுந்தார்கள். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் ஆணையிட்டபோது தமிழகம் முழுவதும் எத்தனை குடும்பங்கள் கையில் பத்திரத்தை வைத்துக்கொண்டு திகைத்து நின்றன என்பதைத் தங்கள் நாளிதழ் நன்கு அறியும். 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. ஆனால் ஏரியின் நீர் தேங்கும் உள்வாயில் கட்டப்பட்ட வீட்டை எந்த விதியாலும் மேட்டுக்குத் தூக்கி வைக்க முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரைப் புறநகர்களில் கழுத்தளவு தண்ணீரில் நின்றவர்களில் எத்தனையோ பேருக்கு அதுதான் வாழ்க்கையின் முதல் வீடு.

சட்டத்தில் இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள், 2019இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலான பரப்பில் பத்து விழுக்காடு நலிந்த பிரிவினருக்கான சிறிய மனைகளாகப் பிரிக்கப்பட வேண்டும். அவற்றை ஒன்றாகச் சேர்க்கவோ வேறு பயனுக்கு மாற்றவோ கூடாது. நல்ல விதி. ஆனால் இந்த மனைகள் ஆண்டுதோறும் எத்தனை உருவாகின்றன, யாருக்கு விற்கப்படுகின்றன, எத்தனையில் வீடு எழும்பியிருக்கிறது என்பதை ஊர்வாரியாக வெளியிடும் கடமை யாருக்கும் விதிக்கப்படவில்லை என்றால், அந்தப் பத்து விழுக்காடு வரைபடத்தில் ஒரு மூலையாகவே நின்றுவிடும் என்று அஞ்சுகிறேன். இந்தக் கணக்கைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் நகர் ஊரமைப்பு இயக்ககமும் பொதுமக்கள் முன் வைக்க வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

அடுத்தது சுவர். 20 அடிக்கு 30 அடி மனையில் இருபுறமும் ஒரு மீட்டர் இடம் விட்டால் வீட்டின் அகலம் பதின்மூன்றரை அடிக்குள் சுருங்கிவிடும். விடப்பட்ட அந்தச் சந்துகளில் வெளிச்சமும் வராது, காற்றும் வராது, குப்பைதான் சேரும். காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களையும் நம் ஊர்களின் பழைய வீதிகளையும் பாருங்கள். வீடுகள் தோளோடு தோள் சேர்ந்து பொதுச்சுவரில் நிற்கின்றன. வெளிச்சமும் காற்றும் நடு முற்றத்தின் வழியாகவும் பின்கட்டின் வழியாகவும் வருகின்றன. பக்கச் சுவர்களில் வெயில் படுவதே இல்லை. நம் முன்னோருக்கு இடநெருக்கடி புதிதல்ல. பொதுச்சுவர் வைத்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சுவரின் செலவும் அடித்தளச் செலவும் குறையும். 2,500 சதுர அடி வரையிலான மனைகளில் வீடு கட்டச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி என்று 2024 ஜூலையில் அரசு கொண்டுவந்த ஏற்பாட்டைப் பெரிதும் வரவேற்கிறேன். அதனோடு, சிறுவீட்டுக் குடியிருப்புகளுக்கெனப் பொதுச்சுவருடன் கூடிய சில மாதிரி வரைபடங்களை, பின்னாளில் மாடி எழுப்புவதையும் சேர்த்து முன்கூட்டியே அனுமதித்து வைத்தால், ஒரு கொத்தனாரும் இரண்டு சித்தாட்களும் அந்த வரைபடத்தைப் பார்த்தே வேலையைத் தொடங்கிவிடலாம். அமெரிக்காவில் 400 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கென 2018ஆம் ஆண்டின் மாதிரிக் கட்டிட விதித்தொகுப்பில் தனி இணைப்பே சேர்த்தார்கள். நமக்கு நம் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற இணைப்பு வேண்டும்.

வெயில் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிறுவீடு என்றாலே இன்றைய இளைஞர்கள் கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டியை வீடாக்கிய படங்களைக் கைப்பேசியில் காட்டுகிறார்கள். சித்திரை வெயிலில் அந்தப் பெட்டிக்குள் ஒரு மதிய நேரம் உட்கார்ந்து பார்த்தவர் அதை வாங்க மாட்டார். குளிர்சாதனம் வைத்துத்தான் வாழ முடியும் என்றால் அது சிக்கன வீடும் ஆகாது, சுற்றுச்சூழலுக்கு இசைந்த வீடும் ஆகாது. நம் பக்கத்திலேயே வேறு விடைகள் இருக்கின்றன. விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில் மண்ணோடு ஏறத்தாழ ஐந்து விழுக்காடு சிமென்ட் கலந்து, எந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாமல் பதப்படுத்தும் மண்கற்களால் பல்லாண்டுகளாக மாடி வீடுகளே கட்டி வருகிறார்கள். சூளைக்கு எரிக்கும் விறகு மிச்சம்; கல்லைத் தூரத்திலிருந்து லாரியில் கொண்டுவரும் செலவும் மிச்சம். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டைப் பரவலாக்கினார். அதில் செங்கல் ஏறத்தாழ கால் பங்கு குறையும். நடுவிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கும். பணியில் இருந்த காலத்தில் ஒரு சிறிய அலுவலகக் கட்டிடத்தை அம்முறையில் கட்ட எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. கொத்தனார்கள் முதல் இரண்டு நாட்கள் முணுமுணுத்தார்கள். மூன்றாம் நாள் அவர்களே வரிசை பிசகாமல் கட்டினார்கள். கோடையில் அந்த அறையில் உட்கார்ந்து வேலை செய்வது எத்தனை ஆறுதலாக இருந்தது என்பதை இன்றும் மறக்கவில்லை. தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இட்டுத் தட்டோடு பதிக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிட்டு வெறும் கான்கிரீட்டை வெயிலில் காய விடுகிறோம். இரவு பன்னிரண்டு மணி வரை அது அடுப்பாகத் தகிக்கிறது. 300 சதுர அடி வீட்டில் தப்பித்துப் போக வேறு அறை கிடையாது. ஆகவே கூரையில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

தண்ணீரும் அப்படித்தான். சென்னையின் ஆண்டு மழையளவை 1,400 மில்லிமீட்டர் என்று கொண்டால், 300 சதுர அடிக் கூரையில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 39,000 லிட்டர் விழுகிறது. நாற்பது வீடுகளுக்கு 15 லட்சம் லிட்டருக்கு மேல். மழைநீர் சேகரிப்பை 2003இலேயே தமிழ்நாடு கட்டாயமாக்கியது. ஆனால் கால் கிரவுண்டு மனையில் ஆளுக்கொரு கசிவுக் குழி, ஆளுக்கொரு ஆழ்துளைக் கிணறு, ஆளுக்கொரு செப்டிக் டேங்க் என்று நெருக்கினால் ஒருவர் கழிவு மற்றவர் குடிநீரில் கலக்கும். இங்குதான் குடியிருப்பு என்ற சொல்லுக்குப் பொருள் வருகிறது. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. சாலைக்கும் பொது இடத்துக்கும் நாற்பது விழுக்காட்டை ஒதுக்கினாலும் மீதியில் 600 சதுர அடி மனைகள் நாற்பதுக்கு மேல் கிடைக்கும். அந்தப் பொது இடத்தில் கூரை நீர் முழுவதும் வந்து சேரும் ஒரு கிணறு, கழிவுநீரைச் சுத்திகரித்துக் கல்வாழைப் பாத்திக்கும் வேப்பமரங்களுக்கும் விடும் ஓர் அமைப்பு, சிறிய வீட்டில் நடத்த முடியாத வளைகாப்பையும் துக்க நிகழ்வையும் நடத்த ஒரு பொதுக்கூடம், பிள்ளைகள் ஓட ஒரு முற்றம் ஆகியவை இருந்தால் வீடு சிறிதாக இருப்பது உறுத்தாது. மாடி எழுப்பப் போகிற கூரையில் இப்போதே சூரியத் தகடு பதிப்பது வீண். பொதுக்கூடத்தின் கூரையில் பதிக்கலாம். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொது வசதிகளுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருப்பதால், கிணற்று மோட்டாரும் தெருவிளக்கும் அதில் ஓடும்.

இந்தூரில் அரண்யா என்ற குடியிருப்பைக் கட்டிடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி 1980களில் இவ்வாறுதான் வகுத்தார். மிகச்சிறிய மனை 35 சதுர மீட்டர். அடித்தளமும் கழிப்பறையும் தண்ணீரும் கொடுத்து, எப்படியெல்லாம் வளர்க்கலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகளைக் கட்டி, மீதியை மக்களிடம் விட்டார். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட அந்த ஊர் பல வருவாய்ப் பிரிவினரும் சேர்ந்து வாழும் இடமாக வளர்ந்தது. 2018இல் அவருக்குக் கட்டிடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தபோது உலகமே அதைத் திரும்பிப் பார்த்தது. அதே வகை வேலையைச் சென்னை அவருக்கும் முன்பே தொடங்கியிருந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இத்தகைய மனைகளையும் முதலீட்டாளர்கள் வளைத்துப்போட மாட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. எங்கள் தெருவிலேயே ஒதுக்கீடு பெற்ற சிலர் ஓரிரு ஆண்டுகளில் வெற்றுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கிரயப் பத்திரம் கைக்கு வர மிகவும் தாமதமானதும் அதற்கு ஒரு காரணம். ஆகவே தவணை முடிந்ததும் காலதாமதமின்றிப் பத்திரம் கொடுப்பதும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் குடிபுகாதவரின் மனையைத் திரும்பப் பெறுவதும், பத்தாண்டுகளுக்குள் விற்றால் குடியிருப்போர் சங்கத்துக்கே விற்க வேண்டும் என்று நிபந்தனை வைப்பதும் ஒருசேர நடக்க வேண்டும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து பர்லிங்டன் நகரில் 1984 முதல் நிலத்தை ஓர் அறக்கட்டளை வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் விற்கிறார்கள். விற்பவர் தாம் செலுத்தியதையும் ஏறிய மதிப்பில் கால் பங்கையும் பெற்றுக்கொண்டு, அடுத்த குடும்பத்துக்குக் குறைந்த விலையில் விட்டுச் செல்கிறார். நிலம் தன் பெயரில் இருக்க வேண்டும் என்ற ஆசை நம் மக்களுக்கு ஆழமானது என்பதால் அதை அப்படியே இங்கு கொண்டுவர முடியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் கூட்டுறவுச் சங்கம் நமக்குப் பழக்கமானது. அடையாறு காந்தி நகரை வகுத்தது ஒரு கூட்டுறவு வீடு கட்டும் சங்கம்தான். அந்த மரநிழல் தெருக்களில் இன்று நடப்பவர்கள் அதை எண்ணிப் பார்ப்பதில்லை.

பத்திரச் செலவில் உள்ள ஒரு முரண்பாட்டையும் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். 2023 டிசம்பர் முதல், 50 லட்சம் ரூபாய் வரையிலான புதிய அடுக்கக வீடுகளுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 6 விழுக்காடு. மனை வாங்கித் தானே கட்டிக்கொள்பவருக்கோ 9 விழுக்காடு. பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் ஒரு விழுக்காடு குறையும் என்று 2025 ஏப்ரலில் அளிக்கப்பட்ட சலுகை நல்லதே. ஆனால் சென்னைப் புறநகரில் பத்து லட்சத்துக்குள் அங்கீகாரமுள்ள மனை எங்கே கிடைக்கிறது? முதல் வீட்டுக்காக வாங்கப்படும் 600 சதுர அடிக்கு உட்பட்ட மனைக்கும் அடுக்ககத்துக்குரிய அதே 6 விழுக்காட்டை விதிப்பதால் கருவூலத்துக்குப் பெரிய இழப்பு வந்துவிடாது. என் மகனைப் போன்றவர்களுக்கு முப்பத்தாறாயிரம் ரூபாய் மிஞ்சும். அது ஒரு கழிப்பறை கட்டும் செலவுக்கு நெருங்கி வரும்.

சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி 2022இல் அரசு ஆணையிட்டது. எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) காலம் 2026ஆம் ஆண்டைக் குறித்து வகுக்கப்பட்டது. மூன்றாம் முழுமைத் திட்டம் உருவாகி வருகிறது. திருவள்ளூர், செங்கல்பட்டு, மீஞ்சூர் போன்ற இடங்களுக்குப் புதுநகர்த் திட்டங்களும் பேசப்படுகின்றன. நிலப் பயன்பாடு வரைபடத்தில் வண்ணம் தீட்டப்படுவதற்கு முன்பே, புறநகர் ரயில் நிலையங்களிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் உள்ள, நீர்நிலை சாராத அரசு நிலங்களிலும் வீட்டுவசதி வாரிய நிலங்களிலும் ஒரு பகுதியைச் சிறுவீட்டுக் குடியிருப்புகளுக்கென ஒதுக்க வேண்டும். ரயில் மாதச் சீட்டின் விலையில் வேலைக்குப் போய்வர முடிகிற இடமாக அது இருக்க வேண்டும்; இல்லையேல் பெரும்பாக்கத்தில் செய்த தவற்றையே மாடி இல்லாமல் மறுபடி செய்தவர்களாவோம். வண்ணம் தீட்டப்பட்ட பிறகு கேட்டால் நிலத்தின் விலை கேட்பவருக்கு எட்டாது.

ஒரே ஒரு நிலையத்தின் அருகே, ஐந்து ஏக்கரில், இருநூறு வீடுகளுடன் தொடங்கிப் பார்க்கட்டும். மாதிரிக்குப் பத்து வீடுகளை மண்கல்லிலும் எலிப்பொறிக் கட்டிலும் எழுப்பி, மக்கள் உள்ளே வந்து ஒரு மதிய நேரம் உட்கார்ந்து பார்க்க விடட்டும். அரும்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் முகப்பேரிலும் எங்களைப் போல் ஓர் அறையில் தொடங்கியவர்கள் இன்னும் பலர் இருக்கிறோம். எதை எப்போது எந்த வரிசையில் கட்டினோம், எங்கே பிசகினோம் என்பதை வரப்போகும் குடும்பங்களுக்கு உட்கார்ந்து சொல்லித்தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். தங்கள் செய்தியாளர்கள் ஒருமுறை எங்கள் தெருக்களுக்கு வந்து இந்த வீடுகளைப் பார்த்து எழுத வேண்டும் என்றும், நலிந்த பிரிவினருக்கென ஒதுக்கப்பட்ட பத்து விழுக்காடு மனைகளின் கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற்று வெளியிட வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமையும் என் மகனும் மருமகளும் வீடு பார்க்கக் கிளம்புகிறார்கள்; இம்முறை திருநின்றவூர்ப் பக்கம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
முகப்பேர், சென்னை.